பாக்கெட்டுகளும் பௌர்ணமியும்



மலர்க்குழுவினர் என்னிடம் ஒரு கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஏதோ கொஞ்சம் வருவது கம்ப்யூட்டர் நெட்வொர்க். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். "ஐயோ, லேப் ரெக்கார்டா!" என்று பயந்து அடுத்த பக்கத்துத் துணுக்குகளுக்குப் போய்விடாதீர்கள். இதில் ஒரு வயசான மனிதரின் வேலை சம்பந்தப்பட்டிருக்கிறது.

என் வீடு ரமணாசிரமம் பகுதியில், செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. அப்பாவுக்கு இளநீர் வண்டி. பௌர்ணமி அன்று மட்டும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கிரிவலம் வருபவர்களுக்குச் செருப்பு ஸ்டாண்டு போடுவார். அம்மா பக்கத்திலுள்ள ஒரு தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறார். அப்பா மூன்றாவது வரை படித்தவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. எங்கள் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டியவள் நான்தான். அதனால் சொந்தக்காரர்கள் வந்தால் டிவி ரிப்பேரிலிருந்து ஆதார் கார்டு வரை எல்லாவற்றுக்கும் "பாப்பா கம்ப்யூட்டர் படிக்குது, அதைக் கேளு" என்பார்கள்!

ரமண மகரிஷி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது 1896 செப்டம்பர் 1-ந் தேதி. அவரை நாடி அன்று தொடங்கிய கூட்டம் இன்னும் ஓயவில்லை. இன்று எங்கள் தெருவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் அறைச் சாவியை வாங்கியதும் அடுத்துக் கேட்பது வைஃபை பாஸ்வேர்டைத்தான். தியானத்துக்கு வந்தவர்களுக்கு வைஃபை எதற்கு என்று நானும் நினைத்ததுண்டு. பலர் காலையில் தியானம் முடித்துவிட்டு, இரவில் தங்கள் நாட்டு ஆபீஸ் வேலையைப் பார்க்கிறார்கள். நமக்கு இரவு என்றால் அவர்களுக்குப் பகல்.

அம்மா வேலை செய்யும் விடுதியில் நானும் மாலை வேளைகளில் கணக்கு எழுதுகிறேன். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை ஆன்லைனில் பதிந்தாக வேண்டும். அந்த வேலையும் என்னுடையது. மொத்தம் 14 அறைகள். டிசம்பர், ஜனவரி சீசனில் ஒரு அறைகூடக் காலி இருக்காது.

போன சீசனில் ஒரு தலைவலி வந்தது. இரவு 9 மணி ஆனால் போதும், நெட் ஊரும். வீடியோவில் பேசிக்கொண்டிருப்பவர்களின் முகம் அப்படியே உறைந்துவிடும். 14 அறைகளிலிருந்தும் புகார். இரண்டு பேர் அறையைக் காலி செய்துவிட்டுப் போயே போய்விட்டார்கள். முதலாளி, கேமராவும் வைஃபையும் போட்டுக் கொடுத்த காண்ட்ராக்டரைக் கூப்பிட்டார். அவர் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து சுவிட்சில் செருகி, ஒரு இரவு முழுக்க ஓடவிட்டார். மறுநாள் ஒரு பட்டியலைக் கொடுத்தார். எந்தச் சாதனம் எவ்வளவு டேட்டா இழுத்தது என்ற பட்டியல். முதல் இடத்தில் இருந்தது யார் தெரியுமா? எங்கள் வாட்ச்மேன் தாத்தாவின் செல்போன்!

"ராத்திரி பூரா பாட்டு பாத்துக்கினே கீறாரு சார். அதான் லைன் ஜாமாவுது" என்று காண்ட்ராக்டர் சொன்னார். முதலாளி அந்த மாதச் சம்பளத்தில் 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் வேறு ஆள் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார்.

நண்பர்களே, நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று கட்ட வேண்டிய பணத்தில் 1,200 ரூபாய் குறைந்தது. அதைக் கொடுத்தவர் அந்தத் தாத்தாதான். திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வேலைக்குப் போயி குடு பாப்பா" என்று சொல்லிவிட்டார்.

இனிமேல் கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க்கில் எதுவும் முழுசாகப் போவதில்லை. ஒரு பாட்டாக இருந்தாலும் போட்டோவாக இருந்தாலும் ஏறக்குறைய 1,500 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டப்பட்டுத்தான் போகும். ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். அதன் தலைப்பகுதியில் அனுப்புநர், பெறுநர் முகவரி இருக்கும். வழியில் நின்று இந்தப் பாக்கெட்டுகளைப் பிரதி எடுத்து வைப்பதுதான் பாக்கெட் கேப்சர். யுனிக்ஸ் வகைக் கணினிகளில் இதற்குப் பெயர் பெற்ற கருவி டிசிபிடம்ப். 1988-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் என்ற மூன்று பேர் எழுதியது.

அவர்கள் காலத்திலும் எங்கள் விடுதிப் பிரச்னைதான்! 1986 அக்டோபரில் அந்த ஆய்வகத்துக்கும் பக்கத்துப் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த நெட்வொர்க் திடீரென்று 40 பிட்டாக விழுந்தது. 32,000 எங்கே, 40 எங்கே! ஏன் என்று ஜேக்கப்சன் ஆராய்ந்ததிலிருந்துதான், இன்று உலகம் முழுவதும் டிசிபி பின்பற்றும் நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் பிறந்தன. லைன் ஏன் திணறுகிறது என்று தெரிய வேண்டுமானால் அதில் என்ன போகிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். வேறு வழி கிடையாது.

காண்ட்ராக்டர் ஓட்டியதும் இதே டிசிபிடம்ப்தான். தான் வேலை பார்த்ததற்கு அத்தாட்சியாகத் திரையைப் போட்டோ எடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முதலாளி அதை என்னிடம் காட்டி, "பாரும்மா, கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார். நான் பட்டியலைப் பார்க்கவில்லை. திரையின் அடியிலிருந்த மூன்று வரிகளைப் பார்த்தேன்.

டிசிபிடம்ப்பை நிறுத்தும்போது அது எப்போதும் மூன்று எண்களைச் சொல்லிவிட்டுத்தான் போகும். பிடித்த பாக்கெட் எத்தனை, வடிகட்டிக்கு வந்த பாக்கெட் எத்தனை, கெர்னல் தவறவிட்ட பாக்கெட் எத்தனை. அன்றைய கணக்கில் வந்தவை சுமார் 4 கோடி. தவறவிட்டவை சுமார் 2 கோடியே 60 லட்சம். அதாவது நூற்றுக்கு 65 பாக்கெட்டுகளைப் பார்க்காமலே பட்டியல் போட்டாகிவிட்டது!

"அதனால என்ன, எல்லாருக்கும் சமமாத்தானே தவறியிருக்கும்?" என்று எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. சமமாகத் தவறியிருந்தால் யார் முதல், யார் கடைசி என்ற வரிசை பெரும்பாலும் மாறியிருக்காது. ஆனால் பாக்கெட்டுகள் சமமாகத் தவறுவதில்லை. கூட்டம் அதிகமான நேரத்தில்தான் தவறும். 9 மணிக்கு எல்லா அறைகளும் ஒரே சமயத்தில் இழுக்கும்போது பாதிக்கு மேல் போய்விடும். தாத்தா கேட்டைப் பூட்டிவிட்டு, ஊரடங்கிய பிறகு ஒரு மணிக்குப் பாட்டுப் பார்ப்பார். அப்போது லைனில் வேறு யாரும் இல்லை. அவருடைய பாக்கெட் ஒன்றுவிடாமல் கணக்கில் ஏறும். ஆளில்லாத நேரத்தில் நடந்தவர் மாட்டிக்கொண்டார். கூட்டத்தோடு போனவர்கள் தப்பித்துவிட்டார்கள்.

இது எனக்கு மனதில் பட்டதே தவிர, சொன்னால் யார் கேட்பார்கள்? சரியாகப் பிடித்துக் காட்டினால்தான் உண்டு. மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த சமயம். எங்கள் சாரிடம் போய், "பாக்கெட் தவறாமல் பிடிப்பது எப்படி, இதையே புராஜெக்டாகச் செய்யட்டுமா சார்?" என்று கேட்டேன். "மெஷின் நல்லதா வேணுமேம்மா" என்றார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு லேப்டாப். எங்கள் தெரு அக்கா ஒருவர் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்து லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகிப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டார். நினைவகம் 2 ஜிபிதான். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதில் டெபியன் லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன்.

மெஷினைப் பற்றிய என் கவலையைத் தீர்த்தது ஒரு பழைய ஆராய்ச்சிக் கட்டுரை. மெக்கேனும் ஜேக்கப்சனும் எழுதி, 1993 குளிர்கால யூஸ்னிக்ஸ் மாநாட்டில் வந்தது. சார் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு நாட்கள் படித்தேன். பிபிஎஃப் என்ற அவர்களுடைய புதிய முறை, சன் நிறுவனத்தின் அப்போதைய முறையைவிட 100 மடங்கு வரை வேகம் என்று அதன் சுருக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில்தான் எனக்குப் பிடித்த வார்த்தைகள் இருந்தன: அதே வன்பொருளில்! புது மெஷின் வாங்கவில்லை. செய்யும் வேலையைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

எப்படிக் குறைத்தார்கள்? யுனிக்ஸில் கெர்னல் ஒரு உலகம், நாம் ஓட்டும் புரோகிராம் இன்னொரு உலகம். நெட்வொர்க் கார்டிலிருந்து பாக்கெட்டை வாங்குவது கெர்னல். அதை எண்ணி எழுதுவது புரோகிராம். ஒவ்வொரு பாக்கெட்டையும் இந்த உலகத்திலிருந்து அந்த உலகத்துக்குப் பிரதி எடுத்து அனுப்புவதில்தான் நேரமெல்லாம் போகிறது. வேண்டாத பாக்கெட்டையும் அனுப்பிவிட்டு அங்கே போய்த் தள்ளுபடி செய்வது வீண் வேலை. வேண்டுமா வேண்டாமா என்பதைக் கெர்னலுக்குள்ளேயே, பிரதி எடுப்பதற்கு முன்பே, ஒரு குட்டி வடிகட்டியை வைத்து முடிவு செய்தார்கள். வேண்டியதிலும் கேட்ட அளவு மட்டுமே வெட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகக் கொடுக்காமல், பஃபரில் சேர்த்துவைத்து ஒரே மூட்டையாகக் கொடுத்தார்கள்.

இதை நான் வீட்டில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அன்று பௌர்ணமிக்கு முந்தின நாள். டோக்கன் அட்டைகளில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னா, பாக்கெட் வந்து குமியுதா?"

"ஆமாப்பா. ஒவ்வொரு பாக்கெட் வந்ததும் கார்டு சத்தம் கொடுக்கும். கெர்னல் செய்த வேலையை விட்டுட்டு ஓடிவந்து வாங்கணும்."

"ஒவ்வொண்ணுக்கும் எழுந்து ஓடுனா வேலைக்காவாது" என்றார் அப்பா. "சாதா நாள்ல ஒரு ஆள் வந்து 'அண்ணே'ன்னா எழுந்து வாங்கி வெச்சிடலாம். பௌர்ணமி அன்னிக்கு எவன் கூப்பிட்டாலும் எழுந்துக்கக் கூடாது. வாங்கிக்கினே இருந்தா அடுக்குறதுக்கு ஏது நேரம்? முன்னாடி மலையாக் குமிஞ்சிடும், ஒண்ணைக்கூட ரேக்குல ஏத்தியிருக்க மாட்ட. நாமளா பாத்து ஒரு தபா போயி, கை கொள்ற மட்டும் அள்ளியாந்து அடுக்கணும். குடும்பத்துக்கு ஒரு கோணி, ஒரு டோக்கன். ரேக்கு ரொம்பிடிச்சா வாசல்லயே கயிறு கட்டிடணும். உள்ள வாங்கி வெச்சு அப்புறம் தொலைச்சா அடிக்க வருவான்."

நான் வாயடைத்துப் போனேன். இதே பிரச்னைக்குக் கம்ப்யூட்டர் உலகில் ரிசீவ் லைவ்லாக் என்று பெயர். சத்தத்துக்குச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்து, உருப்படியாக ஒரு பாக்கெட்டையும் கரை சேர்க்காத நிலை. ஜெஃப்ரி மொகல், கே.கே.ராமகிருஷ்ணன் என்ற இருவர் 1996-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ராமகிருஷ்ணன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அவர்கள் சொன்ன வழியும் அப்பா சொன்னதுதான்: கூட்டம் வந்தால் சத்தத்தை அணைத்துவிடு, நீயாகப் போய் அளவாக அள்ளு, முடியாவிட்டால் வாசலிலேயே தள்ளு. பிறகு லினக்ஸிலும் நாப்பி என்ற பெயரில் இதே முறை வந்தது. அதில் ஒரு தடவை போனால் வழக்கமாக 64 பாக்கெட் வரை அள்ளலாம். இதை நான் அப்பாவிடம் சொன்னதும், "இதுக்கா மூணு வருஷம் காலேஜுக்குப் போற? என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்று கேட்டாரே பார்க்கலாம்!

லேபில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களையும் ஒரு சுவிட்சையும் வைத்துச் சோதனை செய்தோம். ஒன்றிலிருந்து எண்ணி அனுப்புவது, என் லேப்டாப்பில் பிடிப்பது. லினக்ஸ் கெர்னலிலேயே பிகேடிஜென் என்று ஒன்று இருக்கிறது. இத்தனை பாக்கெட் அனுப்பு என்றால் அத்தனையும் அனுப்பும். அனுப்பியது எத்தனை என்று தெரிந்தால்தானே பிடித்தது எத்தனை என்பதற்கு அர்த்தம்? ஏனென்றால் பாக்கெட் தவறும் இடம் ஒன்றல்ல. புரோகிராம் மெதுவாக இருந்தால் கெர்னலின் பஃபர் நிரம்பித் தவறும். அது டிசிபிடம்ப்பின் மூன்றாவது வரியில் தெரிந்துவிடும். கெர்னலே மெதுவாக இருந்தால் நெட்வொர்க் கார்டிலேயே தவறும். அந்தக் கணக்கை ஈத்டூல் என்ற கட்டளையில்தான் தேட வேண்டும். நான் இரண்டையும் குறித்துக்கொண்டே வந்தேன்.

பெரிய குற்றவாளி முதல் நாளே அகப்பட்டான். டிசிபிடம்ப்பை அப்படியே ஓடவிட்டால், அது பார்க்கும் ஒவ்வொரு புது ஐபி முகவரிக்கும் "உன் பெயர் என்ன?" என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். பதில் வரும்வரை மொத்த புரோகிராமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கேள்வியும் அதே நெரிசலான லைன் வழியாகத்தான் போய் வர வேண்டும். அதாவது லைன் எப்போது திணறுகிறதோ, சரியாக அப்போதுதான் கருவியும் கண்ணை மூடிக்கொள்ளும்! காண்ட்ராக்டர் ஓட்டியது இப்படித்தான். அவருடைய பட்டியலில் எண்களுக்குப் பதிலாகப் பெயர்கள் இருந்ததே அதற்குச் சாட்சி. லினக்ஸில் டிசிபிடம்ப்புக்கு வழக்கமாகக் கிடைக்கும் பஃபர் 2 எம்பி. நெரிசல் நேரத்தில் அது அரை வினாடிகூடத் தாங்காது. மைனஸ் என் என்று இரண்டு எழுத்து சேர்த்தால் பெயர் கேட்பது நின்றுவிடும். செலவு பூஜ்யம்.

அடுத்தது எழுத்து வேலை. ஒவ்வொரு பாக்கெட்டையும் படிக்கக்கூடிய வரியாக மாற்றி எழுதுவதைவிட, மைனஸ் டபிள்யூ போட்டு வந்தது வந்தபடியே கோப்பில் கொட்டிவிடுவது பல மடங்கு இலேசு. படிப்பதைக் காலையில் காபி குடித்துக்கொண்டு செய்யலாம். ஆனால் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் பழைய டிஸ்க் மூச்சு வாங்கும். 100 எம்பிபிஎஸ் லைன் நிரம்பி ஓடினால் வினாடிக்கு 12 எம்பிக்கு மேல். அது ஒரு திசைக்கு மட்டும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. எனக்கு வேண்டியது யார், எவ்வளவு, எப்போது. உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கு எதற்கு? மைனஸ் எஸ் 96 என்று கொடுத்தால் கெர்னல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட்டை மட்டும் வெட்டிக் கொடுக்கும். கோப்பில் ஒவ்வொன்றுக்கும் 16 பைட் குறிப்பு சேர்கிறது. ஆக 112. முழுப் பாக்கெட் 1,514-ஐ வைத்துப் பார்த்தால் பதிமூன்றில் ஒரு பங்கு வேலை. வினாடிக்கு 12 எம்பி என்பது 1 எம்பிக்குள் வந்துவிடும். அந்த 16 பைட் குறிப்பில், வெட்டிய நீளம் தனியாக, பாக்கெட்டின் அசல் நீளம் தனியாக எழுதப்பட்டிருக்கும். வெட்டிவிட்டாலும் கணக்கில் ஒரு பைட் குறையாது!

பிறகு மைனஸ் பி போட்டு பஃபரை 32 எம்பியாக்கினேன். டிஸ்க் சில வினாடி தூங்கினாலும் தாங்கும். லிப்பிகேப் என்ற அடிப்படை நூலகத்தின் புதிய பதிப்புகள் கெர்னலும் புரோகிராமும் ஒரே நினைவகப் பகுதியைப் பங்கிட்டுக்கொள்ளும்படி செய்வதால், இந்த உலகத்திலிருந்து அந்த உலகத்துக்குப் பிரதி எடுக்கும் வேலையும் மிச்சம். அது பதிப்பிலேயே இருக்கிறது, நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கார்டின் வரிசையைப் பெரிதாக்கவும் முயன்றேன். என் லேப்டாப் கார்டு மாற்ற விடவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு அது இல்லாமலே தவறியவை பூஜ்யம் என்று வந்துவிட்டது.

முதலாளியிடம் போய், ஒரே ஒரு இரவு என் லேப்டாப்பைச் சுவிட்சில் வைக்க அனுமதி கேட்டேன். அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "வேணாம்டி. அவரு தப்புன்னு சொன்னா நம்ம பொழப்புலயும் மண்ணு உழும்" என்று முந்தின இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா சொன்னது நியாயம்தான். வாட்ச்மேன் வேலை போல அம்மாவின் வேலையும் ஒரு வார்த்தையில் போகக்கூடியது. நான், "சார், யார் மேலயும் குத்தம் சொல்லல. இது என் புராஜெக்ட். நெட் ஏன் ஸ்லோன்னு தெரிஞ்சா உங்களுக்கும் நல்லது" என்றேன். யாருடைய செய்திக்குள்ளும் பார்க்கப்போவதில்லை, முகவரியும் நீளமும் மட்டும்தான் என்பதையும் எழுதியே கொடுத்தேன். "செய்யி, செய்யி. கரண்ட் பில்லு ஏறப்போவுது" என்று சிரித்துவிட்டார்.

இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஓடியது. நான் 9 மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். தூக்கம்தான் வரவில்லை. யாராவது ஒயரைத் தட்டிவிட்டால் போச்சு. காலையில் போய் நிறுத்தினேன். மூன்று வரிகள் வந்தன. வந்தவை 5 கோடிக்கு மேல். தவறியவை 0.

பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, ஒவ்வொரு சாதனத்துக்கும் மணிவாரியாக, வந்தது தனி, போனது தனி என்று கூட்டினேன். தாத்தாவின் செல்போன் மொத்தத்தில் நூற்றுக்கு 3-கூட இல்லை. அதுவும் ஒரு மணிக்கு மேல். 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் லைனை அடைத்துக்கொண்டிருந்தது எது? எந்த அறையும் இல்லை. வரவேற்பறை அலமாரியில் இருந்த கேமராப் பெட்டி! பகலெல்லாம் பதிந்த படத்தை இரவு 9 மணிக்கு இணையத்துக்கு ஏற்றத் தொடங்கி, மூன்று மணி நேரத்தில் சுமார் 27 ஜிபி ஏற்றியிருந்தது. எங்கள் இணைப்பில் மேலே ஏறும் பாதை 20 எம்பிபிஎஸ்தான். அதை முழுக்க இது ஒன்றே பிடித்துக்கொண்டது. ஏறும் பாதை அடைத்தால் இறங்குவதும் திணறும். ஏனென்றால் ஒன்றை இறக்கும்போது "வந்து சேர்ந்தது" என்ற ஒப்புகையும் மேலேதான் போக வேண்டும். காண்ட்ராக்டர் பட்டியலில் இந்தப் பெட்டி ஏன் மேலே வரவில்லை? அவர் கூட்டியது இறங்கிய டேட்டாவை மட்டும். பெட்டி இறக்கவே இல்லை, ஏற்றியது.

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அவர் வந்து, ஏற்றும் நேரத்தை விடியற்காலை 3 மணிக்கு மாற்றி, வேகத்துக்கும் ஒரு எல்லை வைத்தார். "நான் அப்பவே நினைச்சேன் சார்" என்றும் சொன்னார்! அன்றிரவு புகார் வரவில்லை. வேறு வாட்ச்மேன் பார்க்கும் பேச்சும் நின்றது. பிடித்த 500 ரூபாய் மட்டும் இதுவரை திரும்பவில்லை. நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன். மூன்றாவது முறையும் கேட்பேன்.

தாத்தாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "அதுல நான் இன்னா பாட்டு பாத்தேன்னு தெரியுமா பாப்பா?"

"தெரியாது தாத்தா. கவர் மேல இருக்குற அட்ரஸும், கவர் எவ்ளோ கனம்னும்தான் தெரியும். உள்ள இருக்குற லெட்டர் தெரியாது."

"அவரு எடுத்தாரே, அதுல?"

முழுப் பாக்கெட்டையும் எடுத்திருந்தாலும் இன்று பெரும்பாலானவை பூட்டிய உறையில்தான் போகின்றன, எந்த வீட்டுக்குப் போகிறது என்பதுதான் தெரியும் என்றேன். பாதி நம்பினார். அன்றிலிருந்து விடுதி வைஃபையில் அவர் பாட்டுப் பார்ப்பதில்லை. சொந்த ரீசார்ஜ்தான். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

புராஜெக்டில் இன்னும் ஒரு கணக்கு பாக்கி. விடுதிக்கு 100 எம்பிபிஎஸ் போதும். லேபில் 1 ஜிபிபிஎஸ்ஸில், மிகச் சின்னதான 64 பைட் பாக்கெட்டுகளாக அனுப்பினால், வினாடிக்கு 14,88,095 வரை வரும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 672 நானோ வினாடி. அங்கே என் லேப்டாப் பாதிக்கு மேல் கோட்டை விடுகிறது. இத்தாலியில் பீசா பல்கலைக்கழகத்தின் லூயிஜி ரிஸ்ஸோ, நெட்மேப் என்ற முறையில் இதைப் போல் பத்து மடங்கை, 10 ஜிபிபிஎஸ்ஸில், 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே ஒரு கோரை வைத்துச் சமாளித்துக் காட்டியிருக்கிறார். அது 2012-ல். என் லேப்டாப்பின் கடிகாரம் அதைவிட வேகம். ஆகவே மெஷின் மேல் பழி போட எனக்கு வழியில்லை.

எனக்குக் கடைசி செமஸ்டர் வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு மாணவ மாணவியரில் யாராவது தொடர்வதாக இருந்தால், சுவிட்ச், இரண்டு கேபிள், என் குறிப்பு நோட்டு எல்லாம் நெட்வொர்க் லேபில் மூன்றாவது அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. சாவி லேப் அசிஸ்டன்ட் அண்ணனிடம். லேப்டாப்பை மட்டும் நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.